எலியாகத்தான் இருக்கும்

ஒரகடம்,
சனிக்கிழமை ராத்திரி

டேய் சுடலை,

ஏசுவதாக இருந்தால் முதலில் ஏசி முடித்துவிடு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்ததே மூக்கன் சொல்லித்தான் தெரியும். அவன் சொல்லியும் இரண்டு மாசம் ஆகிறது. போனை எடுப்பேன், இத்தனை நாள் கழித்து என்னவென்று பேச்சைத் தொடங்குவது என்று யோசிப்பேன், வைத்துவிடுவேன். சீரியல் வில்லியைப் பார்த்து, "இவ முகத்துல இம்புட்டு பவுடரா?" என்று கேட்டார்களாமே, அப்படியென்றால் பார்வை நன்றாகத்தான் வந்திருக்கிறது. இங்கே எல்லோரும் சுகம். பெரியவள் எட்டாவது போய்விட்டாள். சின்னவனுக்கு முன்பல் விழுந்திருக்கிறது, எனக்கு முடி.

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒரு காரியம் நடந்தது. யாரிடமும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும், ஏனென்றால் அண்ணாச்சியின் பிரவுசிங் கடையில் மூணாம் நம்பர் சிஸ்டத்தில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவன் நீ ஒருத்தன்தான். ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் சுற்றி வர வேண்டும். பொறுத்துக்கொள்.

ஆறு மாசத்துக்கு முன் என் மச்சான் பையன் காலேஜ் லீவுக்கு வந்து ஒரு வாரம் இங்கே இருந்தான். "மாமா, நீங்க அந்தக் காலத்துல என்ன கேம் விளையாடுவீங்க?" என்று கேட்டான். எதிரி முகாமுக்குள் ஒளிந்து புகுகிற ஐ.ஜி.ஐ. என்றேன். சிரித்தான். சிரித்துவிட்டு, என் லேப்டாப்பில் அவனே ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். ஸ்ப்ளின்டர் செல் வரிசையில் மூன்றாவது, கேயாஸ் தியரி. 2005இல் வந்ததாம். நாம் சோற்றுக்கும் வேலைக்கும் அலைந்துகொண்டிருந்த வருஷம், நமக்குத் தெரிய நியாயமில்லை.

சுடலை, அதிலிருந்து நான் மனுஷனாக இல்லை.

கதாநாயகன் சாம் ஃபிஷர் ஓர் உளவாளி. நாற்பதைத் தாண்டியவன், தலை நரைத்தவன், தன் வயசைப் பற்றித் தானே கிண்டல் பேசுகிறவன். நமக்கென்றே செய்தது போல இல்லையா? முதல் மிஷன் பெரு நாட்டுக் கடற்கரையில். ராத்திரி, மழை, இடி, ஒரு கலங்கரை விளக்கம். உள்ளே கெரில்லாக்கள் ஒரு கம்ப்யூட்டர்காரனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். திரையின் ஓரத்தில் இரண்டு அளவு தெரியும். நீ எவ்வளவு வெளிச்சத்தில் நிற்கிறாய் என்று காட்டுவது ஒன்று. எவ்வளவு சத்தம் போடுகிறாய் என்பது இன்னொன்று, அதிலேயே அந்த இடத்தின் சத்தம் எவ்வளவு என்று ஒரு குறியும் இருக்கும். உன் சத்தம் அந்தக் குறிக்குக் கீழே இருக்கிற வரைக்கும் எவன் காதிலும் விழாது. மழை பெய்கிற இடத்தில் கொஞ்சம் வேகமாகவே நடக்கலாம். அமைதியான அறைக்குள் நுழைந்தால் ஒவ்வொரு எட்டுக்கும் கணக்கு. வாழ்க்கையில் முதல் தடவையாக மழைச் சத்தத்தை ஒரு கூட்டாளி மாதிரி கேட்டேன்.

கையில் துப்பாக்கி இருக்கிறது. அதில் ஒரு கருவி, விளக்கைக் குறிபார்த்து அழுத்தினால் அது சில வினாடி அணைந்துவிட்டுத் திரும்ப எரியும். காவல்காரன் அண்ணாந்து பார்த்துக் குழம்புகிற அந்த நேரத்தில் நீ தாண்டிவிட வேண்டும். நான் என்ன செய்கிறேன் என்று நினைக்கிறாய்? பத்து நிமிஷம் ஒரு மூலையில் குந்தியிருந்து, அவன் எத்தனை அடி நடக்கிறான், எங்கே திரும்புகிறான், எந்த ஜன்னலில் நின்று வெளியே பார்க்கிறான் என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன். பையனுக்குத் தாங்கவில்லை. "மாமா, நீங்க நின்னுக்கிட்டேதான் இருக்கீங்க. எப்போ விளையாடுவீங்க?" என்றான். அடேய், நிற்பதுதான் விளையாட்டு. அவனுக்குப் புரியாது. நினைத்த இடத்தில் சேவ் பண்ணி வளர்ந்த பிள்ளை.

ஐ.ஜி.ஐ.யில் சேவ் கிடையாது என்பதை அவன் நம்பவேயில்லை. 14 மிஷன். நடுவில் செத்தால் மறுபடியும் முதலிலிருந்து. வேலி தாண்டி, கேமராவை அணைத்து, கோபுரத்துக்காரன் திரும்புகிற நேரம் பார்த்து, நாற்பது நிமிஷம் பாடுபட்டு வந்தால், பின்னால் இருந்து ஒரு குரல்: "டைம் முடிஞ்சிட்டு தம்பி." பெரிய காவல்காரன் அண்ணாச்சிதான்! இல்லையென்றால் கரண்ட் போகும். ஒரு தடவை சைரன் அடித்தால் எங்கிருந்துதான் அத்தனை பேர் ஓடி வருவானோ, சுடச் சுட வந்துகொண்டே இருப்பான். நார்வேயில் இன்னர்லூப் என்ற சின்னக் கம்பெனி செய்தது அது. அதற்கு முன் அவர்கள் போர்விமான கேம் ஒன்று செய்தார்களாம், அதே எஞ்சினைத்தான், அதாவது கேமை ஓட்டுகிற அடிப்படைப் புரோகிராமைத்தான், இதற்கும் போட்டார்களாம். அதனால்தான் அவ்வளவு பெரிய மலையும் வெட்டவெளியும். ஓஸ்லோவில் உட்கார்ந்து செய்தவனுக்குப் பாளையங்கோட்டையில் இரண்டு பயல்கள் ஒரே நாற்காலியில் பாதிப் பாதி உட்கார்ந்து அதை ஆடுவது தெரிந்திருக்குமா?

படித்துப் பார்த்தால் இந்த ஒளிந்து போகிற வகையே பஞ்சத்தில் பிறந்தது போலிருக்கிறது. 1987இல் ஜப்பானில் கொஜிமா என்பவரிடம் ஒரு போர் கேம் செய்யச் சொன்னார்கள். அவர் கையில் இருந்த எம்.எஸ்.எக்ஸ். 2 என்ற வீட்டுக் கம்ப்யூட்டரோ ஏழை. ஒரே நேரத்தில் நாலைந்து எதிரியையும் குண்டுகளையும் திரையில் காட்டவே திணறும். சண்டை போட முடியாவிட்டால் சண்டையைத் தவிர்ப்பதையே ஆட்டமாக்கிவிடலாம் என்று மெட்டல் கியரைச் செய்தார். அதில் வீரன் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதற்குள் ஒளிந்துகொள்வான். எதிரி பெட்டிதானே என்று போய்விடுவான். இந்த அட்டைப்பெட்டியை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வரும்.

சுட்டுத் தள்ளுகிற கேமில் நீ பலசாலி. இங்கே நீ நோஞ்சான். இரண்டு குண்டு பட்டால் கதை முடிந்தது. உனக்கு இருப்பதெல்லாம் ஒன்றுதான்: அவர்களைப் பற்றி உனக்குத் தெரியும், உன்னைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. நம்மை மாதிரி ஆட்களுக்கு அது ஏன் பிடித்தது என்று இதை விட விளக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. ஹாஸ்டலில் வார்டன் டார்ச் எத்தனை மணிக்கு மாடி ஏறும், ஜெபராஜ் சார் எந்தப் பீரியடில் தூங்குவார், உன் அப்பா சைக்கிள் பெல் எந்தத் தெருமுனையில் கேட்டால் எந்தச் சுவரைத் தாண்ட வேண்டும் - நம் படிப்பே அதுதானே. நீ பேங்க் பரீட்சை பாஸ் செய்ததுகூட அந்தப் பயிற்சியில்தான் என்று நம் கோழிப் பயல் இன்னமும் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

ஆனால் எனக்கு இந்த ஆறு மாசத்தில் ரொம்பப் பிடித்துப்போனவர்கள் காவல்காரர்கள். சிரிக்காதே. பையன் அப்புறம் 1998இல் வந்த தீஃப் என்ற கேமையும் அனுப்பினான். அது உளவாளி இல்லை, திருடன். அமெரிக்காவில் லுக்கிங் கிளாஸ் என்ற கம்பெனி செய்தது, இரண்டு வருஷத்தில் கடையைச் சாத்திவிட்டார்கள். அதில் தரைதான் எதிரி. ஓடு பதித்த தரையில் நடந்தால் டக் டக்கென்று ஊரே கேட்கும், கம்பளத்தில் நடந்தால் ஒன்றும் கேட்காது. பாசி அம்பு என்று ஒன்று, எய்தால் தரையில் மெத்தென்று பாசி படரும், அதன் மேல் கால் வைத்துப் போகலாம். தீப்பந்தத்தை அணைக்கத் தண்ணீர் அம்பு. மிகக் கடினமான நிலையில் ஆடினால் மனுஷர் யாரையும் கொல்லக் கூடாது, கொன்றால் மிஷன் போச்சு. திருடனுக்கு வைத்த தர்மத்தைப் பார்த்தாயா!

அந்தக் காவல்காரர்கள் வாய்விட்டுப் பேசுவார்கள். சின்னச் சத்தம் கேட்டால் "யாரது?" என்பான். கொஞ்சம் தேடுவான். கிடைக்காவிட்டால், எலியாக இருக்கும் என்று முனகிக்கொண்டு திரும்பிப் போவான். யோசித்துப் பார்த்தால் அது அவனுக்காகப் பேசுவதில்லை, இருட்டில் இருக்கிற நமக்காகப் பேசுவது. அவன் மனசில் என்ன ஓடுகிறது என்று நமக்குத் தெரியாவிட்டால் ஆட்டமே இல்லை. அவன் முட்டாளாக இருந்தால் சப்பென்று போய்விடும், கெட்டிக்காரனாக இருந்தால் நாம் தலையால் தண்ணீர் குடிக்க வேண்டும். நடுவில் ஒரு நல்ல மனுஷனை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சாமின் நெற்றியில் மூன்று பச்சை விளக்கு எரிகிறது, ஒருத்தன் கண்ணிலும் படவில்லையே என்று பையன் கேட்டான். படாது. மரியாதைக்காகப் பார்க்காமல் இருக்கிறார்கள்.

சரி, என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு. ஒரு கிடங்கு, பதினாறு கேமரா, ஒரு திரை, ஒரு டார்ச், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரவுண்டு. விளங்கியதா? நான் ஆறு மாசமாக எந்தப் பக்கத்தில் இருந்து ஆடிக்கொண்டிருக்கிறேன் என்பதே எனக்கு உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை 3.20க்கு ரவுண்டு போனேன். ஏழாம் ரேக்குக்குப் பின்னால் காலி அட்டைப்பெட்டிகளை மடிக்காமல் அடுக்கியிருப்பார்கள். ஃபிரிட்ஜ் வந்த பெட்டி ஒன்று, ஆள் உயரம், படுக்கப் போட்டிருந்தது. அது அசைந்தது.

நின்றேன். டார்ச்சைத் திருப்பினேன். பெட்டியின் ஓரத்தில் ஒரு கால் விரல், செருப்பு இல்லாமல். பேக்கிங்கில் ஒரு பையன் இருக்கிறான், இருபது வயசு இருக்கும், காண்டிராக்ட். ஆள் குறைவு என்று அவனை இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்க்க வைக்கிறார்கள். விரலைப் பார்த்ததும் ஆளைத் தெரிந்துவிட்டது, நகத்தில் ஒரு கறுப்பு. தூங்குகிறவன் மூச்சு கேட்டது. அப்புறம் மூச்சு நின்றது. முழித்துவிட்டான்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? ரேடியோவில் சொல்லி, புக்கில் எழுதி, சூப்பர்வைசரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா? பன்னிரண்டு வருஷ சர்வீஸில் ரவுண்டில் ஒரு வார்த்தை தனியாகப் பேசியவன் இல்லை நான். சத்தமாக, அவனுக்குக் கேட்கிற மாதிரி, "எலியாத்தான் இருக்கும்" என்றேன். சொல்லிவிட்டு நடந்து போய்விட்டேன். சிரிப்பு வந்தது, கை நடுங்கியது.

விடிந்ததும் அவன் போன பிறகு அந்தப் பெட்டியைப் போய்ப் பார்த்தேன். உள்பக்கம் பேனாவால் எழுதியிருந்தது. 11.20, 1.20, 3.20, 5.20. என் ரவுண்டு. கீழே இன்னொரு வரி: "2.40 டீ, பத்து நிமிசம்." அதற்கும் கீழே, "வலது கால் சத்தம்." சுடலை, என் வலது செருப்பு தேய்ந்திருப்பது எனக்கே தெரியாது. பன்னிரண்டாவது கேமராவுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் ஒரு சந்து எதிலும் விழாது, அதையும் கண்டுபிடித்திருக்கிறான். நான் பெருவில் ஒருவனை எண்ணிக்கொண்டிருந்த ராத்திரிகளில் இவன் என்னை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறான். கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்றால் நீ காறித் துப்புவாய்.

இப்போது கஷ்டம் என்னவென்றால், அடுத்த மாசம் புதுக் கேமரா வருகிறதாம். ஆளைப் பார்த்து அதுவே பின்தொடருமாம், ஐந்து நிமிஷம் ஒரே இடத்தில் அசையாமல் இருந்தால் அதுவே மணி அடிக்குமாம். இப்போது எந்தெந்த இடம் கேமராவில் விழவில்லை என்று நான் எழுதித் தர வேண்டும். திங்கட்கிழமை கடைசி நாள். எட்டு இடம் எழுதிவிட்டேன். ஒன்பதாவது அந்தச் சந்து. எழுதவில்லை.

எழுதாமல் விட்டுவிடு, பாவம் என்று சொல்ல உனக்கு ஒரு நிமிஷம் ஆகாது, உன்னை எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சந்துக்குள்தான் ஃபோர்க்லிஃப்ட் ரிவர்ஸ் எடுக்கும். பெட்டியைப் பெட்டி என்று நினைத்துத்தானே ஏற்றுவான்? அந்தப் பெட்டிக்குள் அவன் இருக்கிற ராத்திரி அப்படி நடந்தால், எலி என்று சொன்ன வாயை நான் எங்கே கொண்டு போய் வைப்பேன்? கேமில் செத்தால் எழுந்திருப்பான். புதன்கிழமையிலிருந்து 3.20க்குப் பதில் மூன்று மணியிலிருந்தே அந்த ரேக் பக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவனால் வர முடியவில்லை. நேற்று நின்றுகொண்டே கண் சொக்கினான், டேப் ஒட்டுகிற கத்தி கையில்.

கூப்பிட்டுப் பேசலாம். பேசினால் எனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அப்புறம் நானும் உடந்தை. கேன்டீனுக்குப் பின்னால் மாடிப்படிக்கு அடியில் ஒரு இடம் இருக்கிறது. ஃபோர்க்லிஃப்ட் வராது. அதுவும் கேமராவில் விழாது. என் எட்டு இடத்தில் அதுவும் ஒன்று.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, உன் அப்பா கடைக்குள்ளேயே வந்துவிட்ட அன்று? நாம் இரண்டு பேரும் மேஜைக்கு அடியில், உன் முழங்கை என் வாயில். அப்பா மூணாம் நம்பர் வரைக்கும் வந்தார். திரையில் ஐ.ஜி.ஐ. வீரன் ஜோன்ஸ் வேலி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான், அவனை விட்டுவிட்டு எந்தக் கஸ்டமரும் எழுந்து போக மாட்டான் என்று யாருக்கும் தெரியும். அண்ணாச்சி, "இங்க ஒரு பயலும் வரலையே சார்" என்றார். அப்புறம் நம்மிடம் அந்த ஒரு மணி நேரத்துக்குக் காசும் வாங்கினார், டபுளாக.

திங்கட்கிழமைக்குள் பதில் போடு. போன் வேண்டாம், நான் பகலில் தூங்குவேன். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல். தீபாவளிக்கு வந்தால் மச்சான் பையன் ஐ.ஜி.ஐ.யையும் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறான், அந்தப் பதினாலாவதைப் பார்த்துவிடலாம். இந்தத் தடவை கீபோர்டு எனக்கு.

மணி

பி.கு.: செருப்பு மாற்றவில்லை. வேண்டுமென்றேதான்.