சீவலைப் பார், மகன்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் இங்கே நலம். அப்பா கொட்டகலைப் பக்கம் ஒரு பாடசாலைக்குப் பெயர்ப் போர்ட் பூட்டப் போயிருக்கிறார். கடையில், கணினி சொல்கிறபடி தகடு வெட்டுகிற மெஷின் ஓய்ந்திருக்கிற நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஃபோனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். இதை உன் அறையில் மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டி வை.

நீ அனுப்பின படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெட்டுகிற முனையான பிட்டைச் சுற்றி பெர்ஸ்பெக்ஸ், அதுதான் அந்த அக்ரிலிக் பிளாஸ்டிக் தகடு, உருகி உருண்டையாக இறுகி நிற்கிறது. வெட்டின கோடு பாதி தூரத்துக்கு மறுபடி ஒட்டிக்கொண்டுவிட்டது. கீழே நீ எழுதியிருந்ததையும் வாசித்தேன்: இரண்டு பல் உள்ள மரம் வெட்டுகிற பிட், நிமிடத்துக்கு 24,000 சுற்று, ஃபீட், அதாவது பிட் நகர்கிற வேகம், நிமிடத்துக்கு 400 மி.மீ. "தகடு உடைந்துவிடும் என்று பயந்து ஃபீடைக் குறைத்தேன் அம்மா" என்று எழுதியிருந்தாய். மகன், அந்தப் பயம்தான் தகட்டை உருக்கியது.

கணக்கைப் போட்டுப் பார். நிமிடத்துக்கு 24,000 சுற்று, சுற்றுக்கு இரண்டு பல். ஆக, ஒரு நிமிடத்தில் 48,000 தடவை ஒரு பல் தகட்டைத் தொடுகிறது. அந்த ஒரு நிமிடத்தில் பிட் நகர்வது 400 மி.மீ. 400-ஐ 48,000-ஆல் வகுத்தால் 0.008 மி.மீ. ஒரு பல்லுக்குக் கிடைக்கிற தடிப்பு அவ்வளவுதான், தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு. எவ்வளவு கூரான பிட்டாலும் அத்தனை மெல்லியதைச் சீவி எடுக்க முடியாது. மேலே உரசிக்கொண்டு போகும். உரசினால் சூடு வரும்.

பெர்ஸ்பெக்ஸுக்குச் சூட்டைக் கடத்தத் தெரியாது. அலுமினியத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்குதான். சூடு தகட்டுக்குள் பரவிப் போகாமல் வெட்டுகிற இடத்திலேயே தங்கிவிடும். 100 பாகையைக் கொஞ்சம் தாண்டினாலே அது இளகத் தொடங்கிவிடும். இளகினது பல்லில் ஒட்டும், ஒட்டினது அடுத்த சுற்றில் இன்னும் உரசும், கடைசியில் பிட் முறியும். அந்தச் சூடு வெளியே போக இருக்கிற நல்ல வழி சீவல்தான், பல் சீவி எறிகிற துணுக்கு. தடிப்பான சீவலாக வெட்டி எறிந்தால் சூடும் அதோடு போய்விடும். அதனால் பெர்ஸ்பெக்ஸில் பிட் மெதுவாகச் சுற்ற வேண்டும், மெஷின் வேகமாக நகர வேண்டும். நீ செய்தது இதற்கு நேர்மாறு.

முதலில் பிட்டை மாற்று. பிளாஸ்டிக்குக்கு என்றே ஒற்றைப் பல் பிட் வருகிறது, 'ஓ ஃப்ளூட்' என்று கேட்டால் தருவார்கள். அதன் குழி அகலமாக, கண்ணாடி மாதிரி மினுக்கி இருக்கும். சீவல் வெளியே போக இடம் கிடைக்கும், ஒட்டிக்கொள்ளப் பிடி கிடைக்காது. சீவலை மேலே தூக்கி எறிகிற சுருள் உள்ளதாக வாங்கு. பெர்ஸ்பெக்ஸுக்கு வைத்த பிட்டை, மரத்தூளை அழுத்திச் செய்கிற எம்.டி.எஃப். பலகைக்கோ மரத்துக்கோ போடாதே, முனை மழுங்கிவிடும். மழுங்கின பிட்டுக்கு எந்த செட்டிங் கொடுத்தாலும் உருக்கத்தான் செய்யும்.

இனி நம்பர். உன் மெஷினில் பிட்டைச் சுற்றுகிற சின்ன மோட்டார், அந்த ட்ரிம் ரவுட்டர், 10,000-இலிருந்து 30,000 சுற்று வரை போகும். அதை 12,000 பக்கம் வை. 3.175 மி.மீ. ஒற்றைப் பல் பிட்டுக்கு, ஒரு பல்லுக்கு 0.05-இலிருந்து 0.1 மி.மீ. வரை கொடுக்கலாம். நான் 0.08-இல் தொடங்குவேன். 12,000-ஐ 0.08-ஆல் பெருக்கினால் 960, அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,000 மி.மீ. ஆழம் ஒரு தடவைக்கு 1 மி.மீ. போதும். பெரிய மெஷின்காரர் பிட்டின் பாதி விட்டம், முழு விட்டம் என்று இறக்குவார்கள். உன்னுடையது மெல்லிய சட்டம், அதிரும். அதிர்ந்தால் ஓரம் பல் பல்லாக வரும். அப்படி வந்தால் ஆழத்தைக் குறை, ஃபீடைக் குறைக்காதே. இதை மறந்துவிடாதே ராசா.

பிட்டை நேரே குத்தி இறக்கவும் வேண்டாம். குத்தும்போது நடுவில் சீவல் போக வழியில்லாமல் அங்கேயே உருகும். மென்பொருளில் சரிவாக இறங்குகிற வழி இருக்கும், அதைத் தெரிவுசெய். வெளி ஓரத்தில் 0.2 மி.மீ. மிச்சம் விட்டு வெட்டி முடித்த பிறகு, முழு ஆழத்துக்கும் ஒரே சுற்றாக அந்த மிச்சத்தை எடு. படிப் படியாகத் தெரிகிற கோடுகள் போய் ஓரம் சீராக வரும்.

இப்போது நம் எழுத்துக்கு வருகிறேன். இதுதான் எனக்கு நிறையத் தலைவலி தந்தது, நீ இன்னும் அதுவரை வரவில்லை. சிவனொளிபாத மலை யாத்திரை சீசன் டிசம்பரில் தொடங்கும் முன்னரே நல்லதண்ணிப் பக்கத்துக் கடைக்காரர்களும் தங்குமிடக்காரர்களும் மூன்று மொழியிலும் போர்ட் கேட்டு வருவார்கள். ஆங்கில எழுத்துகளில் எல், டி, எச் எல்லாம் நீள நீளக் கோடு, மெஷின் ஓடிவிடும். நம் 'ண', 'ழ', 'கு' இருக்கிறதே, சுழிக்குச் சுழி மெஷின் வேகத்தைக் குறைத்துத்தான் திரும்பும். சிங்கள எழுத்திலும் அதே வளைவுகள்தான். நீ 1,000 என்று கொடுத்திருந்தாலும் 8 மி.மீ. சுழிக்குள் மெஷின் அந்த வேகத்தைத் தொடவே தொடாது, 300-க்கு இறங்கிவிடும். பிட் மட்டும் அதே 12,000 சுற்றில் சுற்றிக்கொண்டிருக்கும். மறுபடி உரசல், மறுபடி உருகல். நேர்க்கோடு பளிச்சென்று வந்து சுழி மட்டும் உருகியிருந்தால் காரணம் இதுதான். ஃபீட் நம்பரை ஏற்றிப் பயனில்லை. சுற்றை 10,000-க்கு இறக்கு, ஆழத்தை 0.5 ஆக்கு, வாடிக்கையாளர் ஒத்துக்கொண்டால் எழுத்தைப் பெரிதாக்கு. 3 மி.மீ. பிட் 2 மி.மீ. சுழிக்குள் நுழையவே நுழையாது என்பதையும் ஆர்டர் வாங்கும்போதே சொல்லிவிடு. சுழி அடைபட்ட 'ண' எழுதின போர்டைத் தமிழன் ஒருவன் தன் கடைக்கு மேலே மாட்டக் கூடாது, மகன். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்காது.

தகடு வாங்கும்போது வார்ப்பு அக்ரிலிக்கா என்று கேள். இன்னொரு வகை, உருக்கி உருளைக்கிடையில் தள்ளி எடுப்பது. அது விலை குறைவு, ஆனால் சீக்கிரம் இளகும், பிட்டில் ஒட்டும். வார்ப்புத் தகட்டில் தடிப்பு இடத்துக்கு இடம் கூடிக் குறையும். 3 மி.மீ. என்று தந்தது 2.8-ஆகவும் இருக்கும், 3.2-ஆகவும் இருக்கும். அதனால் ஊடறுத்து வெட்டுகிற வேலைக்கு மெஷின் ஆழத்தை அளக்கத் தொடங்குகிற பூச்சியத்தைத் தகட்டின் மேலே வைக்காதே, தகட்டுக்குக் கீழே போடுகிற எம்.டி.எஃப். பலகையில் வை. பலகைக்குள் 0.2 மி.மீ. இறங்கினால் போதும். இங்கே மே மாதத்துக்குப் பிறகு மழை பிடித்தால் எம்.டி.எஃப். பலகை ஈரத்தில் ஊதிவிடும், நான் அடிக்கடி அதைச் சீவி மட்டப்படுத்துவேன். கடற்கரை ஈரம் அங்கேயும் உண்டு, நீயும் பார்த்துக்கொள்.

தகட்டின் மேல்பக்கத்துப் பிளாஸ்டிக் தாளை உரித்துவிடு, இல்லாவிட்டால் அது பிட்டில் சுற்றும். கீழ்ப்பக்கத்துத் தாள் இருக்கட்டும், இருபக்கப் பசை நாடாவை அதில் ஒட்டினால் வேலை முடிந்ததும் தாளோடு உரிந்து வரும். இந்தப் பிட் தகட்டை மேலே இழுக்கும் என்பதால் ஓரங்களைக் கவ்வியிலும் இறுக்கு. சின்ன எழுத்துகள் வெட்டி முடிகிற நேரத்தில் பறந்து பிட்டில் மாட்டும், அவற்றைத் தகட்டோடு பிடித்து வைக்க அரை மி.மீ. தடிப்பில் வெட்டாமல் பாலம் விட்டு, பிறகு அரத்தால் ராவிவிடு. சீவலை ஊதித் தள்ளக் காற்றுக் குழாய் ஒன்று வேண்டும். வெட்டின சீவலையே மறுபடி வெட்டினால் அதுவும் உருகும்.

வேறு ஊருக்குப் போகிற போர்டுக்கும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெர்ஸ்பெக்ஸ் சூட்டில் நீளும். ஒரு மீட்டர் தகடு ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறக்குறைய 0.7 மி.மீ. நீளும். ஹட்டன் குளிரில் நான் வெட்டித் தருகிற 900 மி.மீ. போர்டை அப்பா கொழும்பில் பூட்டினால், வித்தியாசம் 15 பாகை என்றாலும் ஒரு மில்லிமீட்டர் நீண்டுவிடும். வெயிலில் நின்றால் இன்னும் கூடும். 4 மி.மீ. திருகாணிக்கு 4 மி.மீ. துளை போட்டால் துளையிலிருந்து வெடிப்புக் கிளம்பும். 6 மி.மீ. போட்டு, வாஷர் வைத்து, முழுக்க இறுக்காமல் விடு.

துடைக்கிறதுக்கு ஸ்பிரிட், கண்ணாடி துடைக்கிற அமோனியாத் திரவம் எதுவும் வேண்டாம். வெட்டின ஓரத்தில் உள்ளுக்குள் இழுவிசை தங்கியிருக்கும். அதில் அந்தத் திரவம் பட்டால் முடி முடியாக வெடிப்பு ஓடும், சில வேளை மறுநாள்தான் தெரியும். சவர்க்காரத் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும். ஒட்டுகிற திரவத்துக்கும் இதே ஆபத்து உண்டு. ஒட்டும் முன் 80 பாகையில் சில மணிநேரம் சூட்டடுப்பில் (ஓவனில்) வைத்து, மெதுவாக ஆறவிட்டால் அந்த இழுவிசை இறங்கிவிடும். ஒட்டும்போது ஜன்னலைத் திறந்து வை, அந்த ஆவி கெட்டது. வெட்டும்போது கண்ணாடி போடு, காதை மூடு, மெஷினை ஓடவிட்டு வெளியே போகாதே. உருகிச் சூடேறினால் இந்தச் சாமான் பற்றி எரியும். ஒரு அறைக்குள் நீ தனியாக இருக்கிறாய் என்பதை நினைத்தால் எனக்கு வேறெதையும்விட இதுதான் மனதை அரிக்கிறது.

நம்பர் எல்லாம் தொடங்குவதற்குத்தான். உன் மெஷினுக்குச் சரியானதை உன் கண்ணும் காதும் சொல்லும். வீணான துண்டில் 100 மி.மீ. கோடுகள் போடு: சுற்று 12,000, ஆழம் 1 மி.மீ., ஃபீட் மட்டும் 700, 850, 1,000, 1,200. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். பிறகு சீவலை உள்ளங்கையில் எடுத்துப் பார். மாவாக இருந்தால் பிட் உரசுகிறது. நூலாக இழுபட்டால் உருகுகிறது. செதில் செதிலாக, தொட்டால் சூடில்லாமல், தனித்தனியாக உதிர்ந்தால் அதுதான் உன் வேகம். சத்தமும் அப்போது ஒரே சீராக இருக்கும். கீச்சென்று கத்தினால் அதிர்கிறது, ஆழத்தைக் குறை.

வைத்தியரின் கிளினிக் போர்டுக்கு வாங்கி வைத்திருக்கிற தகட்டை இப்போது தொடாதே. அப்பா அடுத்த வாரம் கொழும்பு ரயிலில் வருகிறார். ஒற்றைப் பல் பிட் இரண்டும், கோடு போட்டுப் பார்க்க வெட்டு மிச்சத் துண்டுகளும் கட்டிக் கொடுத்துவிடுகிறேன். போட்ட கோடுகளையும் சீவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பு. எந்தக் கோட்டுக்கு எந்த ஃபீட் என்று தகட்டிலேயே பேனாவால் எழுதிவிடு, இல்லாவிட்டால் எனக்கு விளங்காது.

அன்புடன்,
அம்மா
ஹட்டன்