அம்மாவின் மாத்திரை பற்றி

கோபிசெட்டிபாளையம்

கண்ணு,

அம்மாவின் மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷனுக்கும் கரண்டுக்கும் (கதிர்வீச்சு) அப்புறம் வெறும் மாத்திரை போதுமா என்று போனில் கேட்டாய். அம்மா பக்கத்திலேயே இருந்ததால் சரியாகப் பேச முடியவில்லை.

பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'ஈ.ஆர். பாசிட்டிவ்' என்று பார்த்திருப்பாய். அந்தக் கட்டியின் செல்களில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனுக்கான ஏற்பி இருக்கிறது என்று அர்த்தம். மரபணுக்களை இயக்கிவிடுகிற புரதம் அது. ஈஸ்ட்ரோஜன் வந்து ஒட்டியதும் டி.என்.ஏ.வில் போய் உட்கார்ந்து, செல் பெருகுவதற்கான மரபணுக்களை முடுக்கிவிடும். அம்மாவின் மாத்திரையான டமாக்சிஃபென், ஈஸ்ட்ரோஜன் வந்து சேர வேண்டிய குழியில் தான் புகுந்துகொள்கிறது. உடனே ஏற்பியின் வடிவம் மாறிப்போகும். துணைக்கு வரவேண்டிய புரதங்கள் ஒட்ட முடியாது, மரபணுவும் கிளம்பாது. 1960களில் கருத்தடைக்கென்று தயாரித்து, அதற்குப் பலிக்காமல் போன மருந்தாம் இது!

இப்படிப் பிடிக்க ஒரு குழி இருப்பதே பெரிய விஷயம். மிக் என்று இன்னொரு புரதம், பல புற்றுநோய்களில் செல்லைத் துரத்தித் துரத்திப் பெருக வைக்கிறது. அதில் மருந்து புகுந்துகொள்ள வாகான இடமே இல்லை. பி53 என்கிற புரதம் வேறு ரகம். டி.என்.ஏ. சேதமானால் செல் பிரிவதை நிறுத்தும், மீறினால் செல்லையே சாகடிக்கும். ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்துமே நம் தோட்டத்து பிரிவென்டர், அது மாதிரி. புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இது பழுதாகியிருக்கும். ஓடிக்கொண்டிருக்கிற புரதத்தைத் தடுக்க மருந்து கண்டுபிடிக்கலாம், பழுதானதைத் திருப்பி வேலை செய்ய வைப்பதுதான் கஷ்டம். ஆசனூர் ரோட்டில் கரும்பு லாரியை மறிக்கிற யானைக்கு இந்தப் பி53-க்கான மரபணு நம்மைவிடப் பல மடங்கு பிரதிகள் உண்டு. அவ்வளவு பெரிய உடம்புக்குப் புற்றுநோய் அபூர்வமாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாத்திரை ஏற்பியில் இருக்கிற வரைக்கும்தான் அடைப்பு. அதனால்தான் தினமும், குறைந்தது 5 வருஷம். இங்கே ராத்திரியானால் அம்மாவுக்குக் குப்பென்று சூடேறி வேர்த்துக் கொட்டுகிறது. "கட்டிதான் போயிருச்சே, இன்னும் எதுக்கு இந்தச் சூட்டு மாத்திரை?" என்று அம்மிச்சி வேறு தூபம் போடுகிறார். பாரியூர் குண்டம் திருவிழா முடிகிற வரைக்கும் விரதம், மாத்திரை வேண்டாம் என்று இவளும் ஆரம்பித்துவிட்டாள். வேர்வைக்கு டாக்டரிடம் வேறு வழி கேட்கலாம். விரதத்திலும் மாத்திரையை விடக்கூடாது என்று நீ சொல், உன் பேச்சுக்கு மரியாதை உண்டு.

இன்னொன்று. இந்த மாத்திரை கர்ப்பப்பையின் உள்சுவரைத் தடிக்க வைக்கலாம். தீட்டு நின்றபின் ரத்தம் பட்டால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். என்னிடம் வாய் திறக்க மாட்டாள். நீ போன் பண்ணும்போது கேட்டுக்கொள்.

அப்பா