பெருந்தமனி அறுவையில் துணை நின்றவர்களுக்கு நன்றி

வயிற்றிலுள்ள பெரிய ரத்தக்குழாய் பலூன்போல் உப்பிக்கொள்ளும் வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கான திறந்த அறுவைகளில் எங்களோடு நின்ற எல்லோருக்கும் மயக்கவியல் குழுவின் வணக்கம்.

பல ஆண்டுகள் பிரஷரோடு வாழ்ந்தவரின் இதயத்தில், ரத்தத்தை உடலுக்குத் தள்ளும் இடது கீழறையின் சுவர் தடித்து விறைத்திருக்கும். எக்கோவில் ‘இ.எஃப் 60’ (ஒவ்வொரு சுருக்கத்திலும் கீழறை வெளித்தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) என்று வந்ததும் இதயம் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடுவது வழக்கம். சுருங்குவதில் குறையில்லைதான், தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்வதில்தான் சிக்கல். கீழறை எப்படித் தளர்கிறது என்று காட்டும், மிட்ரல் வால்வைச் சுற்றிய வளையம் அசையும் வேகத்தையும் இடது மேலறையின் அளவையும் தவறாமல் எழுதித் தந்த எக்கோ பிரிவினருக்கு முதல் நன்றி. எவ்வளவு திரவம் ஏற்றலாம் என்று முடிவெடுக்க எங்களுக்கு அதிகம் கைகொடுத்தவை அந்த இரண்டு அளவுகளே.

வீட்டில் எடுத்த பிரஷரை நோட்டில் குறித்துக் கொண்டுவந்த குடும்பத்தாரே, உங்கள் உதவி சிறியதல்ல. வழக்கமாக 150/90 இருப்பவருக்குச் சராசரி அழுத்தம் (கீழ் எண்ணோடு இரு எண்களின் வித்தியாசத்தில் மூன்றிலொரு பங்கைக் கூட்டினால்) 110. அறுவையின்போது அதில் 20 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்றால் 88-க்குக் கீழே விடக் கூடாது. பொதுவாகச் சொல்லும் 65 இவர்களுக்குப் போதாது. தடித்த தசையின் உள்ளடுக்குக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் எட்டாது.

மயக்கத்தில் பிரஷரை அதிகம் சரியவைக்கக்கூடிய டெல்மிசார்டன், ராமிப்ரில் பிரஷர் மாத்திரைகளை 24 மணி நேரம் முன்பே நிறுத்தி, இதயத் துடிப்பைக் கட்டுக்குள் வைக்கும் வழக்கமான மெட்டோபுரொலாலை மட்டும் காலையில் ஒரு மிடறு தண்ணீரோடு கொடுத்தனுப்பிய வார்டு சிஸ்டர்களுக்கும் நன்றி.

அறுவை மருத்துவர்களுக்குத்தான் பெரிய கடன். ‘இன்னும் ஐந்து நிமிடத்தில் கிளாம்ப்’ (பெருந்தமனியை இறுக்கி மூடும் கவ்வி) என்று நீங்கள் முன்கூட்டிச் சொன்னதால்தான், ரத்தம் உறையாமலிருக்க உடல் எடையில் கிலோவுக்கு 100 யூனிட் ஹெபரின் கொடுத்து, மயக்கத்தை ஆழமாக்கி, ரத்தக்குழாய்களை விரிக்கும் நைட்ரோகிளிசரினைத் தொடங்கி வைக்க முடிந்தது. சொல்லாமல் கிளாம்ப் போட்டால் விறைத்த கீழறைக்குள் அழுத்தம் சட்டென ஏறி, நுரையீரலில் நீர் கோக்கும். உணவுக்குழாய் எக்கோவில் சுவரின் ஒரு பகுதி அசைவு மங்குவது கண்ணுக்கே தெரியும். கிளாம்பைச் சிறுநீரகத் தமனிகளுக்கு மேலே போட வேண்டியிருந்தால் பாரம் இன்னும் கூடும்.

கிளாம்பை எடுக்கும்போதும் அதே பொறுமை காட்டினீர்கள். காலில் தேங்கிய அமிலம் திரும்பும், கீழ்ப்பகுதி நாளங்கள் விரிந்து கிடக்கும், பிரஷர் சரியும். நிரம்பியிருந்தால்தான் இந்த இதயம் ஓடும். நைட்ரோகிளிசரினை நிறுத்தி, திரவம் ஏற்றி, பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலினைத் தயாராக வைக்கும்வரை காத்திருந்து, வீங்கிய இடத்தில் தைத்த செயற்கை ஒட்டுக்குழாயின் இரு கிளைகளில் ஒன்றை மட்டும் முதலில் திறந்தீர்கள். அழுத்தம் இறங்கியபோது விரலால் அதை மீண்டும் அழுத்திப் பிடித்த அந்த நிதானம் எங்களுக்குப் பெரிய பலம்.

அறுவையில் சிந்தும் ரத்தத்தைச் சேகரித்துச் சுத்தம் செய்து திரும்பத் தரும் செல் சேவர் கருவியை இயக்கியவர்களுக்கும், ரத்தத்தைத் தாமதமின்றி அனுப்பிய ரத்த வங்கிக்கும் நன்றி. ரத்தப் பையில் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட், நோயாளியின் ரத்தத்திலுள்ள கால்சியத்தைக் குறைத்துவிடும் என்பதால் அதை இடைவிடாமல் பரிசோதித்த ஆய்வகத்தாருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஐசியு சிஸ்டர்களே, நோயாளி நடுங்காதபடி சூடாக வைத்தீர்கள். இரண்டாம், மூன்றாம் நாளில் திசுவிலிருந்து நீர் ரத்தத்துக்குத் திரும்பும் என்று தெரிந்து, சிறுநீர் அளவையும் மூச்சையும் விடாமல் கவனித்தீர்கள். துடிப்பு தாறுமாறாகப் போனால் மேலறையின் தள்ளலை நம்பி நிரம்பும் இதயம் சோர்ந்துவிடும். அதை மானிட்டரில் பார்த்த நொடியே எங்களைக் கூப்பிட்டீர்கள். இனியும் அப்படியே, எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள்.

நன்றியுடன்,
மயக்கவியல் குழு