'துறைமுகத்திற்கு அருகில்' என்று விற்கப்பட்ட அறை: முன்பதிவு நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
பென்னாகரம் சாலை, தருமபுரி.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
இணையவழி விடுதி முன்பதிவு நிறுவனம்.

பொருள்: கப்பல் பயணத்துக்கு முந்தைய இரவு சென்னையில் தங்குவதற்காகத் தங்கள் செயலி வழியே எடுத்த அறை, வேறொரு துறைமுகத்தின் அருகில் இருந்தது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கடந்த மாதம் நானும் என் மனைவியும் 72 வயதான என் தாயாரும் சென்னைத் துறைமுகத்திலிருந்து மூன்று இரவுக் கப்பல் பயணம் சென்று வந்தோம். தருமபுரியிலிருந்து சென்னைக்குச் சாலை வழியில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை நண்பகல் 12 மணிக்குள் கப்பல் ஏறும் நடைமுறைகளை முடித்துவிட வேண்டும் என்று பயணச்சீட்டில் எழுதியிருந்தது. ரயில் தாமதமானால் அடுத்த ரயிலைப் பிடிக்கலாம், ஆனால் புறப்பட்டுவிட்ட கப்பலை எவராலும் பிடிக்க முடியாது. ஆகவே வியாழக்கிழமையே சென்னைக்கு வந்து, ஓர் இரவு தங்கி, காலையில் பதற்றமில்லாமல் துறைமுகத்துக்குச் செல்ல வேண்டும் என்று முடிவு செய்தோம். அந்த ஓர் இரவுக்கான அறையில் நாங்கள் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: அது கப்பல் ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

என் மனைவி, சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே பெரியமேட்டில் ஓர் அறை எடுத்தால் போதும் என்றார். துறைமுகத்தை ஒட்டிய பாரிமுனையிலும் மண்ணடியிலும் சில விடுதிகளைப் பார்த்து வைத்திருந்தோம். அவற்றையெல்லாம் விட்டுத் தாங்கள் காட்டிய விடுதியை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், செயலியில் அதற்கான பக்கத்தில் இருந்த இரண்டு வரிகள். ஒன்று, 'துறைமுகத்திற்கு 4 கி.மீ.' என்பது. மற்றொன்று, 'கப்பல் பயணிகளுக்கு ஏற்றது' என்பது. தேடும் பெட்டியில் நான் 'சென்னைத் துறைமுகம்' என்றே தட்டச்சு செய்திருந்தேன் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். பணம் செலுத்தும் வரை 'வடசென்னை' என்பது மட்டுமே தெரிந்தது. முழு முகவரி, பணம் செலுத்திய பிறகு வந்த ரசீதில்தான் இருந்தது. வெளியூர்க்காரனான எனக்கு அந்த முகவரியைப் பார்த்தும் ஐயம் எழவில்லை.

மொரப்பூரில் ரயிலேறிப் பிற்பகல் இரண்டு மணி அளவில் சென்ட்ரலில் இறங்கினோம். முகவரியைப் படித்த வாடகைக் கார் ஓட்டுநர், "இது மீஞ்சூர் பக்கம் சார், கப்பல் ஏறுற ஹார்பர் இந்தா பக்கத்துல இருக்கு, நீங்க ஏன் அங்க போறீங்க?" என்று கேட்டபோதுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. தாங்கள் குறிப்பிட்ட துறைமுகம், எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகம். அனல்மின் நிலையங்களுக்கான நிலக்கரியை இறக்குவதற்காக 2001ஆம் ஆண்டு செயல்படத் தொடங்கிய சரக்குத் துறைமுகம் அது. நாங்கள் கப்பல் ஏற வேண்டிய சென்னைத் துறைமுகமோ, ராஜாஜி சாலையில், கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிர்ப்புறம் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 24 கிலோமீட்டர். அந்த வழி முழுவதும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் வழி என்பதை, திருவொற்றியூரைத் தாண்டுவதற்குள் நாங்களே கண்ணால் பார்த்தோம். விடுதியை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. கார் வாடகை 1,100 ரூபாய்.

விடுதியின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அறை சுத்தமாக இருந்தது, வெந்நீர் வந்தது, ஊழியர்கள் மரியாதையாக நடந்துகொண்டார்கள். சரக்குக் கப்பல் பணியாளர்களும் லாரி நிறுவன மேலாளர்களும் தங்குவதற்கு அது பொருத்தமான இடமே. ஆனால் வரவேற்பில் இருந்த இளைஞர் சொன்ன ஒரு செய்தியைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது என் கடமை. எங்களைப் போலவே இதற்கு முன்பு இரண்டு குடும்பங்கள் தவறாக வந்து இறங்கியதாகவும், பக்கத்தைத் திருத்தும்படி விடுதியின் சார்பில் தங்களுக்கு எழுதியதாகவும் அவர் கூறினார். அது உண்மையானால், தெரியாமல் நேர்ந்த பிழை என்று இதைத் தாங்கள் சொல்ல முடியாது.

அன்று மாலையே தங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தேன். நாற்பது நிமிடம் காத்திருந்த பின் பேசிய அலுவலர், ரத்து செய்வதற்கான நேரம் கடந்துவிட்டது என்றார். பிறகு, "துறைமுகத்துக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, நாங்கள் எதைத் தவறாகச் சொன்னோம்?" என்று கேட்டார். எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது இந்தக் கேள்விதான். 'ஒகேனக்கல் அருவிக்கு அருகில்' என்று சொல்லி அறையை விற்றுவிட்டு, வந்தவரைத் தருமபுரி பேருந்து நிலையத்தில் இறக்கி, மீதி 46 கிலோமீட்டரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று எங்கள் ஊரில் யாராவது சொன்னால், அவரை நாங்கள் நேர்மையான வியாபாரி என்று ஏற்க மாட்டோம்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே புறப்பட்டோம். மின்சார ரயிலில் போயிருக்கலாம் என்று தங்களுக்குத் தோன்றலாம். முழங்கால் வலியுள்ள என் தாயாரையும் மூன்று பெட்டிகளையும் வைத்துக்கொண்டு, காலை நேரக் கூட்டத்தில் அது இயலாத காரியம். லாரி வரிசையில் நின்று நின்று துறைமுக வாயிலை அடைந்தபோது மணி பத்தரை. வாடகை 1,400 ரூபாய். கப்பலைத் தவறவிடவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த மூன்றரை மணி நேரமும் என் தாயார் ஒரு வார்த்தை பேசாமல் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். ஒகேனக்கல் பரிசலைத் தவிர வேறு எதிலும் தண்ணீரில் போய் அறியாதவர் அவர். வியாழன் மாலை அவரைத் தம்புச் செட்டித் தெருவில் உள்ள காளிகாம்பாள் கோயிலுக்கு அழைத்துச் சென்று, அம்மனை வணங்கிவிட்டு மறுநாள் கப்பல் ஏற வேண்டும் என்பது அவருடைய ஆசை. பாரிமுனையில் தங்கியிருந்தால் அது நடந்திருக்கும்.

ஊர் திரும்பியதும் செயலி வழியே புகார் பதிவு செய்தேன். புகார் எண் ஒன்று வந்தது, அதன் பிறகு பதில் இல்லை.

ஓர் இரவு தங்கினோம் என்பதால் அறை வாடகையை நான் திருப்பிக் கேட்கவில்லை. இரு பயணங்களுக்கும் சேர்த்துக் கொடுத்த 2,500 ரூபாயில், பாரிமுனையில் தங்கியிருந்தாலும் ஆட்டோவுக்கு ஆகியிருக்கக்கூடிய 400 ரூபாயைக் கழித்து 2,100 ரூபாயும், தாங்கள் வசூலித்த சேவைக் கட்டணம் 180 ரூபாயும், ஆக 2,280 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். அதைவிட முக்கியமாக, செயலியில் அந்த விடுதிக்கான பக்கத்தில், எந்தத் துறைமுகம் என்பதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். சென்னைத் துறைமுகத்துக்குச் சாலை வழித் தூரம் எவ்வளவு என்பதையும் காட்ட வேண்டும். 'கப்பல் பயணிகளுக்கு ஏற்றது' என்ற வரியை நீக்க வேண்டும். முழு முகவரி, பணம் செலுத்துவதற்கு முன்பே தெரிய வேண்டும்.

மின்னணு வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டியது குறைதீர் அலுவலரின் பொறுப்பு. அந்தக் காலத்துக்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்வதோடு, நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையின்படி தருமபுரியில் நுகர்வோர் ஆணையத்தையும் அணுகுவேன். முன்பதிவு ரசீது, விடுதிப் பக்கத்தின் திரைப்பதிவு, இரண்டு வாடகைக் கார் ரசீதுகள், பயணச்சீட்டு ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
தருமபுரி.