மிதித்தவர்களுக்கும் தைத்தவருக்கும் நன்றி

காவேரிப்பட்டணத்து உறவுகளுக்கும் சுற்றுவட்டத்து நண்பர்களுக்கும் வணக்கம்.

டிசம்பர் 7, கொடிநாளன்று 'பனிமலை போஸ்டில் வைத்தியம்' என்று நான் வைத்த சின்னக் கண்காட்சிக்குக் கைகொடுத்தவர்களுக்கு இந்த மடல். ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டன்டாக இருந்தவன் நான். ஊசி போடத் தெரியும், மைக் பிடிக்கத் தெரியாது. நீங்கள் இல்லாவிட்டால் நாலு சார்ட்டை ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

முதல் நன்றி தார்ப்பாய் தைக்கும் பாய்க்கு. மாங்காய் லாரிக்குத் தைக்கிறவரிடம் போய், ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு பை வேண்டும், நீளவாக்கில் ஜிப், முகத்துக்கு நேரே பிளாஸ்டிக் ஜன்னல் என்றேன். "என்னங்க இது, ஆளை உள்ள வச்சுக் கட்டுறதுக்கா?" என்றார். ஆமாம் பாய், அதற்கேதான்.

அசலுக்கு ஹாப்போ பை என்று பெயர், ஹாப்போ என்பது அது தீர்க்கும் மலைநோயின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். 18,000 அடியில் காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் கிட்டத்தட்டப் பாதி. உடம்பு பழகாதவருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். கீழே இறக்குவதுதான் சரியான வைத்தியம். இறக்க வழியில்லாத இரவில் இந்தப் பைக்குள் படுக்கவைத்து, ஜிப்பை இழுத்து மூடி, காலால் பம்பை மிதிப்போம். உள்ளே அழுத்தம் ஏறினால், படுத்த இடத்திலேயே பல ஆயிரம் அடி இறங்கிய மாதிரி. மிதிப்பதை நிறுத்தக் கூடாது. உள்ளே இருப்பவர் விட்ட மூச்சு வெளியே போக வேண்டுமே!

பாய் கூலி வாங்கவில்லை. சைக்கிள் கடைத் தம்பி கொடுத்த பம்பைப் பையன்கள் மாற்றி மாற்றி மிதித்தார்கள். ஐந்தே நிமிடத்தில் ஒருவன், "போதும் சார், கால் கடுக்குது" என்றான். நடுவில் ஜிப் பிய்த்துக்கொண்டது. சின்ன ஜிப்பாக வாங்கிக் கொடுத்தது நான்தான், பாய் மேல் தப்பில்லை.

1998 குளிர்காலத்தில், சியாச்சின் பக்கத்து ராணுவக் காவல் போஸ்ட் ஒன்றில், நுரையீரலில் நீர் கோத்த ஒரு ஜவான் பையனைப் பைக்குள் வைத்து நாங்கள் ஆறு பேர் விடிய விடிய மிதித்தோம். ஊசி மருந்து உறையாமலிருக்க அதன் கண்ணாடிக் குப்பிகளைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்திருந்தேன். ஜன்னல் வழியே டார்ச் அடிக்கும்போதெல்லாம் அந்தப் பையனின் உதடு நீலமாகவே தெரிந்தது. நாலு மணி வாக்கில் கண்ணைத் திறந்து ஏதோ சொன்னான், பம்புச் சத்தத்தில் கேட்கவில்லை. வெளிச்சம் வந்ததும் சீட்டா ஹெலிகாப்டர் வந்தது, நம் பக்கத்து பெங்களூரில் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலை செய்தது. விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஏற்றினோம். பிழைத்துக்கொண்டான். கூட மிதித்த ஐந்து பேருக்கும், ஹெலிபேட் வரை தூக்கிவந்த நூப்ரா பள்ளத்தாக்குச் சுமைக்காரர்களுக்கும் அன்று நன்றி சொன்னதாக நினைவில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

சார்ட்டுகளில் இருந்த தமிழ், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா திருத்தியது. "ஓசூருக்கு பஸ் ஏறினாலே குளிர்கிறதே, அது 3,000 அடிகூட இல்லை, அங்கிருந்து ஆரம்பி" என்று யோசனை சொன்னதும் அவர்தான். 1962 போரில் அவசர அவசரமாக மலையேற்றப்பட்ட ஜவான்கள் மூச்சுத் திணறி விழுந்த கதையை அப்படித்தான் தொடங்கினேன். ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் கூட இருந்தவர்களும் இந்த நோயைப் பற்றி 1965-இல் எழுதினார்கள். 1969-இல் 1,925 ஜவான்களிடம் கண்ட மலைநோயை விவரித்தார்கள். இப்போது மேலே போகிறவர்கள் முதலில் 6 நாள், அப்புறம் 4, அப்புறம் 4 என்று தங்கித் தங்கி ஏறுவது இப்படிப் பட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

'நுரையீரல் நீர்க்கோர்வை' என்று ஐயா எழுதியதைப் படித்த ஒரு பாட்டி, "நீர்க்கோவை மாத்திரையை அரைச்சு நெத்தியில பத்துப் போட்டா சரியாப் போயிருக்குமேப்பா" என்றார். தலைவலிக்குப் போடலாம் பாட்டி, இதற்கு ஆகாது. ஆனாலும் கேட்டதற்கு நன்றி, கூட்டமே அதற்கப்புறம்தான் கலகலப்பானது.

வந்தவர்களுக்கு நிப்பட்டு கொடுத்த அக்காவுக்கும் நன்றி. பை எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது, ஜிப்பை மாற்றிவிட்டேன். பள்ளிக்கூடத்தில் காட்ட யார் கேட்டாலும் தருகிறேன். பம்பு மட்டும் சைக்கிள் கடைக்குத் திரும்பிப் போய்விட்டது, அதைத் தம்பியிடம்தான் கேட்க வேண்டும்.