கொலெத்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள்

கொலெத் சிறப்பிதழ் தயாரிக்கும் ஆசிரியர் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். பிரெஞ்சு நாவலாசிரியர் ஒருவருக்குத் தமிழ்ச் சிற்றிதழ் ஒன்று முழு இதழையே ஒதுக்குவது சாதாரண விஷயமில்லை. அதுவும் கொலெத்துக்கு. மகிழ்ச்சியோடுதான் உள்ளடக்கப் பட்டியலைப் படித்தேன். படித்து முடித்ததும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதல் கணவர் வில்லி கொலெத்தை அறையில் பூட்டி எழுதவைத்த கதை, 1900-இல் அவர் எழுதிய முதல் குளோதீன் நாவல் வில்லியின் பெயரிலேயே வெளிவந்தது, பிறகு அந்த நாவல்களின் உரிமையை அவர் பாட்டுக்கு விற்றுத் தீர்த்தது, 1907-இல் பாரிஸின் மூலாங் ரூஜ் கேளிக்கை அரங்க மேடையில் கொலெத்தும் அவருடைய காதலி மிசியும் முத்தமிட்டு அரங்கமே அமளியானது, 1910-இல் மணவிலக்கு. அத்தோடு சுபம் போட்டுவிட்டீர்கள். அவரைப் பற்றி 2018-இல் வந்த திரைப்படமும் ஏறக்குறைய அங்கேதான் முடிகிறது. மணவிலக்கின்போது அவருக்கு வயது 37. பெரிய நாவல்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. நாம் பேசக் கூச்சப்படும் விஷயங்களும் அப்படியே.

1920-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வயதான ஒரு பெண்ணுக்கும் இளைஞன் ஒருவனுக்கும் இடையிலான காதலைச் சொல்லும் 'ஷெரி' அந்த ஆண்டு வந்தது. தன் வாழ்க்கையைத்தான் எழுதினார் என்பார்கள். இல்லை, நாவல்தான் முந்தியது. அது தொடராக வெளிவந்த பிறகு, அந்தக் கோடையில், இரண்டாம் கணவரின் மூத்த தாரத்து மகன் பெர்த்ரானோடு உறவு தொடங்கியது. பையனுக்கு 16, இவருக்கு 47. இதை விடுதலை என்று நான் சொல்லமாட்டேன். வில்லியைக் கூண்டில் ஏற்றிய உங்கள் பேனா இங்கே மட்டும் மை தீர்ந்துபோகக் கூடாது.

என்னை அவரோடு கட்டிப்போட்டிருப்பது வேறொன்று. 'பொழுதின் பிறப்பு' (1928) என்ற அவருடைய நூல் தாய் சீதோவின் கடிதத்தோடு தொடங்குகிறது. மகளோடு வந்து தங்கும்படி அழைத்த மருமகனுக்கு அந்த அம்மாள் மறுத்து எழுதுகிறார்: என் இளஞ்சிவப்புக் கள்ளி பூக்கப்போகிறது போலிருக்கிறது, நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்குமாம், எனக்கோ வயதாகிவிட்டது, இப்போது கிளம்பினால் இனி அதைப் பார்க்கக் கிடைக்காது. மகளைவிட ஒரு பூவைப் பெரிதாக நினைக்கத் துணிந்த தாய்! ஆனால் சீதோ உண்மையில் எழுதிய கடிதம் வேறு. செடிகளை விட்டுவிட்டு, வருகிறேன் என்றுதான் எழுதியிருந்தார். மகள் அதைத் தலைகீழாக்கிவிட்டார்.

1912-இல் சீதோ இறந்தபோது கொலெத் அடக்கத்துக்குப் போகவில்லை, துக்க உடையும் உடுத்தவில்லை. அடுத்த ஆண்டு பிறந்த தன் மகளையும் பெரும்பாலும் ஆங்கிலேயச் செவிலியின் பொறுப்பில் விட்டுவைத்தார். தாய்மையைப் பற்றி பிரெஞ்சில் வந்த மிக அழகான பக்கங்கள் சிலவற்றை எழுதியவர் இவர்தான். முரண் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எளிது. அந்தக் கள்ளிச்செடியை அவ்வளவு கச்சிதமாக ஜோடிக்க, போகாமல் இருந்துவிட்ட ஒருத்தியால்தான் முடிந்திருக்கும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஜெர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தையும் விட்டுவிடாதீர்கள். யூத வெறுப்பைக் கக்கிக்கொண்டிருந்த 'கிரேங்குவார்' வார இதழில் 1941-இல் அவருடைய நாவல் தொடராக வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மூன்றாம் கணவர் கூதுக்கேயை, அவர் யூதர் என்பதற்காகவே, பிடித்துக்கொண்டு போனார்கள். தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் உதவி கேட்டு, சில வாரங்களில் அவரை மீட்டுவந்தார் கொலெத். இதில் எது பிழைப்பு, எது சமரசம் என்று எழுதத் தெரிந்த ஒருவர் உங்கள் குழுவிலேயே இருக்கிறார்.

1954-இல் அவர் இறந்தபோது, மணவிலக்குப் பெற்றவர் என்று திருச்சபை இறுதிச் சடங்கு மறுத்தது. பிரெஞ்சுக் குடியரசு அரசு மரியாதையோடு வழியனுப்பியது. நாம் இரண்டு பக்கமும் சேர வேண்டியதில்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். சீதோவின் அசல் கடிதத்தையும் கொலெத் மாற்றி எழுதியதையும் எதிரெதிர்ப் பக்கங்களில் மொழிபெயர்த்துப் போடுங்கள். பக்கம் போதாவிட்டால் மூலாங் ரூஜ் கட்டுரையை எடுத்துவிடலாம். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும்.

அன்புடன்,
உங்கள் சந்தாதாரர் ஒருவர்