மண்மேட்டோடு ஒட்டிய பின்காம்பரா

ஆசிரியர் அவர்களுக்கு,

மார்கழி பிறந்தால் எங்கள் வீட்டில் நாலு மணிக்கே ஜன்னல் பூட்டியாகிவிடும். பூட்டினால் மட்டும் போதாது. தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே பழைய துணியைத் திணித்து, கதவடியில் உரச்சாக்கை மடித்துப் போட்டால்தான் என் மனைவிக்குத் தூக்கம் வரும்.

கனடாவில் இருக்கும் மகள் போன மாதம் வீடியோ கோலில் தன் வீட்டு பேஸ்மென்ட்டைக் காட்டினாள். மூலையில் ஒரு சின்னப் பெட்டி, அதில் 230 என்று ஓர் எண். ரேடான் என்ற கதிரியக்க வாயுவின் அளவாம். அங்கே கன மீட்டருக்கு 200 பெக்கரலை (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) தாண்டினால் வீட்டைத் திருத்தச் சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 100 என்கிறது. பாறையிலும் மண்ணிலும் இயற்கையாக உள்ள யுரேனியத்திலிருந்து வருவது, நிறமுமில்லை, மணமுமில்லை. நுரையீரல் புற்றுநோய்க்கு சிகரெட்டுக்கு அடுத்த காரணம் இதுதானாம்.

"குளிர் நாளில்தான் கூடும் அப்பா" என்றாள். வீட்டுக்குள் சூடான காற்று மேலே ஏற ஏற, மண்ணுக்குள் இருக்கும் காற்றைத் தரை வெடிப்பு வழியாக உள்ளே இழுக்கிறது. ஜன்னலும் அடைத்திருந்தால் அது எங்கே போகும்?

எனக்கு உடனே எங்கள் பின்காம்பரா ஞாபகம் வந்தது. மலையை வெட்டித்தானே இங்கே வீடு கட்டுகிறோம்? பின்சுவர் பாதி உயரத்துக்கு மண்மேட்டோடு ஒட்டி நிற்கிறது. அவளுடைய பேஸ்மென்ட்டுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. டோர்ச் அடித்துப் பார்த்தேன். கட்டிலுக்குக் கீழே சீமெந்துத் தரையில் நகம் நுழையும் அளவு வெடிப்பு, சுவரோரமாகக் கதவு வரை ஓடுகிறது. பேரப்பிள்ளைகள் படுப்பது அங்கேதான்.

வெடிப்பைப் பூசிவிட்டேன். அது மட்டும் போதாது, தரைக்கடியில் குழாய் இறக்கி மின்விசிறியால் வாயுவை வெளியே இழுக்க வேண்டும் என்கிறாள் மகள். நம் கைக்கு எட்டியது, துணியை எடுத்துவிட்டு எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வைப்பதுதான். மனைவிக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. (கரிச்சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் படுப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: ரேடான் வருடக்கணக்கில் எடுக்கும் உயிரைக் கரிப்புகை ஒரே இரவில் எடுத்துவிடும்.)

தோட்டங்களில் 7 பேர்ச்சஸ் காணியில் தனி வீடு கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும். கொங்கிரீட் போடுமுன் சல்லிக்கல் பரப்பி, அதன்மேல் தடித்த பொலித்தீனை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, கல்லுக்குள்ளிருந்து கூரைக்கு மேலே ஒரு பீவீசீ குழாயை விடும்படி மேசன் பாஸிடம் சொல்லலாம். தரை போட்ட பிறகு என்றால் உடைக்கத்தான் வேண்டும்.

மண்சரிவு அபாயம் பார்க்க தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் எப்படியும் காணிக்கு வருகிறார்கள். அவர்களும் இலங்கை அணுசக்தி சபையும் சேர்ந்து, நுவரெலியா, அட்டன், பண்டாரவளைப் பக்கம் சில வீடுகளில் மார்கழி முதல் மாசி வரை அளவுமானிகளை வைத்துப் பார்க்கட்டும். முதல் வீடாக எங்கள் பின்காம்பராவைத் தர நான் தயார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
தலவாக்கலை